கொழுப்பு வியாழன்

(திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



வருகிற புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளப் போகிறோம். ஒறுத்தலைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் அடுத்த நாற்பது நாளும் நிறையக் கேட்பீர்கள். அதனால் இன்றைக்கு ஒரு நாள் தின்பண்டத்தைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காதால் மட்டும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாளைக்கு முன், கடந்த வியாழக்கிழமை, போலந்து நாட்டில் விடியற்காலையிலேயே பேக்கரிகளின் முன்னால் மக்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். பிப்ரவரிக் குளிர் எலும்பைக் குத்தும். ஆனாலும் நிற்பார்கள். திருநீற்றுப் புதனுக்கு முந்திய வியாழனுக்கு அவர்கள் மொழியில் 'துவுஸ்தி ச்பார்த்தெக்' என்று பெயர். கொழுப்பு வியாழன் என்று பொருள். அன்றைக்கு எல்லாரும் தேடுவது 'போஞ்ச்கி' என்ற பண்டத்தை. நம் ஊர் பேக்கரியில் டோனட் என்று விற்கிறார்களே, அந்த இனம்தான். ஆனால் நடுவில் ஓட்டை கிடையாது. கையளவு உருண்டை, உள்ளே ஜாம், மேலே சர்க்கரைப் பாகு. ஒன்றை மட்டும் சொல்லும்போது அதன் பெயருக்கு 'மொட்டு' என்று அர்த்தம். பூ மொட்டு போல உப்பியிருப்பதால் அந்தப் பெயர். அன்றைய தினம் ஒன்றாவது சாப்பிடாதவருக்கு வருஷம் முழுதும் அதிர்ஷ்டம் இருக்காது என்று அங்கே பாட்டிமார் சொல்வதுண்டு. அதை நீங்கள் விசுவாசக் கோட்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் வாங்குவது இப்போதைய பழக்கம். வீட்டில் செய்வதுதான் பழைய முறை. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு பங்கில் சில ஆண்டுகள் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஆலயத்துக்கு எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், போலந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு விதவைத் தாய் தனியாக இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கொழுப்பு வியாழனுக்கு முதல் நாளே என்னைக் கூப்பிட்டுவிடுவார். உதவிக்குத்தான். ஆனால் என்னை அவர் மாவில் கைவைக்க விட்டதில்லை. ஜன்னலை யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மாவு புளிக்கும்போது குளிர்காற்று பட்டால் எழும்பாது.

முதலில் வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டையும் கொஞ்சம் சர்க்கரையையும் ஒரு பிடி மாவையும் கரைத்து மூடி வைப்பார். அது நுரைத்துப் பொங்கி வந்ததும் மிச்ச மாவோடு சேர்ப்பார். ஒரு கிலோ மாவுக்கு முட்டை மஞ்சள் கரு மட்டும் எட்டுப் பத்துப் போகும். வெண்ணெய் உருக்கி ஊற்றிப் பிசைவார். கடைசியில் ஒரு கரண்டி சாராயம். நீங்கள் திடுக்கிட வேண்டாம், குடிப்பதற்காக இல்லை. கொதிக்கும் கொழுப்பில் மாவு விழுந்ததும் அந்தச் சாராயம் ஆவியாகி வெளியே வரும். அப்போது மாவு அதிகக் கொழுப்பைக் குடிக்காது என்பது அவர்கள் கணக்கு. மாவு இரண்டு மடங்காக எழும்பியதும் உருண்டை பிடித்து, உள்ளே ஜாம் வைத்து மூடி, மறுபடியும் எழும்ப விடுவார். ஜாம் என்றால் பிளம் பழத்தில் செய்தது, இல்லாவிட்டால் ரோஜா இதழைச் சர்க்கரையில் அரைத்தது. நம்முடைய குல்கந்துதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பன்றிக்கொழுப்பை உருக்கிப் பொரிப்பது. சூடு 175 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்; குறைந்தால் எண்ணெய் குடித்துக் கனத்துப் போகும். நன்றாக எழும்பிய உருண்டை கொழுப்பில் மூழ்காமல் மிதக்கும். அதனால் இரண்டு பக்கமும் பழுப்பாகி, நடுவில் மட்டும் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல வெள்ளையாக ஒரு கோடு நிற்கும். அந்தக் கோடு விழுந்துவிட்டால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இவ்வளவு நெய்யும் முட்டையும் சர்க்கரையும் தவக்காலத்துக்கு முன்னால் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் தவக்காலம்தான். பழைய நாள்களில் ஐரோப்பாவில் தவக்கால நோன்பு என்றால் இறைச்சியோடு நிற்காது. முட்டை, பால், வெண்ணெய், கொழுப்பு எல்லாமே விலக்கு. குளிர்காலத்தில் பன்றி அடித்து உருக்கி வைத்த கொழுப்பு பானையில் இருக்கும். கூடையில் முட்டை இருக்கும். நாற்பது நாள் வைத்திருந்தால் வீணாகிவிடும். வைத்திருந்தால் கையும் சும்மா இருக்காது. ஆகவே சாம்பல் பூசுவதற்கு முன்னால் வீட்டைக் காலி செய்தார்கள். ஒரே நாளில் அத்தனையையும் தீர்க்க, கொழுப்பில் பொரித்த இனிப்பைவிட நல்ல வழி என்ன இருக்கிறது?

ஒவ்வொரு நாடும் தன் வழியில் இதைச் செய்தது. இங்கிலாந்தில் செவ்வாய்க்கிழமை பான்கேக் சுடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாளைக் கொழுப்புச் செவ்வாய் என்றே அழைக்கிறார்கள். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் 'க்ராப்ஃபன்' என்ற பெயரில் ஏறக்குறைய இதே பண்டம். போர்ச்சுக்கல் நாட்டுத் தீவுகளில் இதன் உறவு ஒன்றுக்கு 'மலசாடா' என்று பெயர். அங்கிருந்து 1878 முதல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போன மக்கள் இதையும் கூடவே கொண்டுபோனார்கள். இன்றும் திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாள் அங்கே மலசாடா நாள். தோட்டக்கூலியாகக் கப்பலேறியவர்கள் எதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள் என்பது நம் தமிழ் மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

நம் வீடுகளிலும் இதன் நிழல் உண்டு. 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்ற சொற்களை இன்றைய இளைஞர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருவேளை மட்டும் வயிறார உண்பது ஒருசந்தி. இறைச்சி விலக்குவது சுத்தபோசனம். எங்கள் வீட்டில் பாட்டி திருநீற்றுப் புதனுக்கு முந்திய மாலை மீன்குழம்புச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவார். உயிர்ப்பு ஞாயிறன்றுதான் அது கீழே இறங்கும். அந்தச் சட்டி கவிழ்வதற்கு முன்னால் வீட்டில் பெரிய சாப்பாடு நடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்! இப்போது திருச்சபை கேட்பது மிகவும் குறைவு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் நோன்பு ஒழுங்குகளை மாற்றியமைத்தார். இன்றைய சட்டப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு அது கடமை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லாருக்கும். இரண்டு நாளைக்காக யாரும் வீட்டைக் காலி செய்யத் தேவையில்லை. ஃப்ரிட்ஜ் வேறு இருக்கிறது.

ஆனால் காலி செய்வதில் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டில் இருப்பதைத் தீர்க்க வேண்டும், சரி. யார் வயிற்றில் தீர்ப்பது?

பழைய ஏற்பாட்டில் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தை இன்று மாலை எடுத்து வாசித்துப் பாருங்கள். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த மக்கள். எருசலேமின் இடிந்த மதிலை 52 நாளில் கட்டி முடித்திருக்கிறார்கள். தண்ணீர் வாயிலுக்கு முன்னால் ஆண், பெண், புரிந்துகொள்ளும் வயதுள்ள பிள்ளைகள் எல்லாரும் கூடுகிறார்கள். குரு எஸ்ரா மரமேடையில் நின்று விடியற்காலையிலிருந்து நண்பகல்வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். அரைமணி நேர மறையுரைக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். கேட்கக் கேட்க மக்களுக்கு அழுகை வருகிறது. தாங்கள் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறோம் என்று புரிகிறது. அப்போது தலைவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அழாதீர்கள் என்றார்கள். இன்று ஆண்டவரின் புனித நாள். போய்க் கொழுமையானதை உண்ணுங்கள், இனிமையானதைக் குடியுங்கள் என்றார்கள். அதோடு, தங்களுக்கென்று எதுவும் தயார் செய்ய முடியாதவர்களுக்குப் பங்கு அனுப்பி வையுங்கள் என்றும் சொன்னார்கள்.

கொழுப்பும் இனிப்பும் விவிலியத்திலேயே இருக்கிறது என்று மகிழ்ந்துவிட்டு அந்தக் கடைசிக் கட்டளையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பங்கு கேட்டு அவர்கள் வரட்டும் என்று தலைவர்கள் சொல்லவில்லை. அனுப்பி வையுங்கள் என்கிறார்கள். தட்டு நம் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும்.

அந்தப் போலந்துத் தாய் ஒவ்வோர் ஆண்டும் 60 உருண்டை செய்வார். அவர் சாப்பிடுவது இரண்டு. பிள்ளைகள் வெளியூரில். "அம்மா, தனியாள் நீங்கள், எதற்கு இத்தனை?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் 1982-ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். போலந்தில் அப்போது இராணுவச் சட்டம். சர்க்கரை, இறைச்சி, வெண்ணெய் எல்லாம் கூப்பன் காட்டினால்தான், அதுவும் அளவாகத்தான். அப்படிப்பட்ட பிப்ரவரியில் கொழுப்பு வியாழன் வந்தது. எந்த வீட்டிலும் முழுப் பண்டத்துக்கான சாமான் கிடையாது. அவருடைய தாய் தெருவில் நாலைந்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாராம். ஒருவர் சர்க்கரை கொண்டுவந்தார். கோழி வளர்த்த ஒருவர் முட்டை. இன்னொருவர் கிராமத்து உறவினரிடமிருந்து கொழுப்பு. ஒரே அடுப்பில் செய்து, அவரவர் பங்கை அவரவர் எடுத்துப் போனார்கள்.

அந்தத் தெருவில் ஒரு முதியவர் இருந்தாராம். கொண்டுவர அவரிடம் எதுவுமே இல்லை. சும்மா வாங்கிக்கொள்ளவும் மாட்டார், மானி. தாய் அவரிடம் போய், "அடுப்புக்கு விறகு வேணும் ஐயா, எங்க கொல்லைக் கொட்டகையில கிடக்கு, கொஞ்சம் எடுத்திட்டு வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கொண்டுவந்தார். பண்டத்தைப் பிரிக்கும்போது தாய் எல்லாருக்கும் கேட்கும்படி, "விறகு கொண்டுவந்தவர் பங்கு இது" என்று சொல்லி முதல் தட்டை அவருக்கு எடுத்து வைத்தாராம். "விறகும் எங்கதுதான் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாய் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எசாயா இறைவாக்கினர் 58-ஆம் அதிகாரத்தில் நோன்பைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறார். நோன்பு இருந்துகொண்டே வேலையாள்களை ஒடுக்குகிறவர்களையும், நோன்பு இருந்துகொண்டே சண்டை போடுகிறவர்களையும் பார்த்துக் கேள்வி கேட்கிறார். பசித்தவரோடு உணவைப் பகிர்வதைத்தான் ஆண்டவர் விரும்பும் நோன்பு என்கிறார். பகிர்வது என்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த விறகுக் கதை. கொடுக்கிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே என்று ஆகிவிடாதபடி அந்தத் தாய் பார்த்துக்கொண்டார். நம் பங்குகளில் தவக்கால உண்டியல் கொடுக்கிறோம். நல்ல காரியம், அதை நிரப்பிக் கொடுங்கள். ஆனால் உண்டியல் பணம் எங்கோ தூரத்தில் உள்ளவருக்குப் போகிறது. அவருடைய முகத்தை நாம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. கஷ்டமே அங்கேதான்.

அந்தக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒருவர் இருந்தார். எண்ணெய் வாசனை படிக்கட்டு முழுதும் வருகிறது என்று இந்தத் தாய்மேல் குடியிருப்பு நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தவர். அதற்குப் பிறகு படியில் எதிரே வந்தாலும் வணக்கம் கிடையாது. நான் இருந்த ஆண்டு, முதலில் பொரித்தெடுத்த நாலு உருண்டையைத் தட்டில் வைத்து, துணியால் மூடி, இந்தத் தாய் அவர் வாசலுக்குத்தான் எடுத்துப் போனார். நான் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தார். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது; கதவு திறக்கவில்லை. தட்டை மிதியடிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. அவருக்கு வரவில்லை. அடுத்த நாள் காலை அந்தத் தட்டு இவர் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்து, துணியை நாலாக மடித்து மேலே வைத்திருந்தார்கள்.

நம் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அங்கே அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் அந்தத் தட்டைக் கழுவியிருக்கிறார், துணியை மடித்திருக்கிறார். அந்தத் தாய்க்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலருக்கு இப்போது ஒரு வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வந்திருக்கும். வரப்புத் தகராறு, சொத்துப் பாகப்பிரிவினை, கல்யாண வீட்டில் சொன்ன ஒரு வார்த்தை. கிறிஸ்துமசுக்குக் கல்கலும் முறுக்கும் அதிரசமும் தெருவெல்லாம் போயிருக்கும். தீபாவளிக்கு இந்து சகோதரர்கள் வீட்டிலிருந்தும் ரம்சானுக்கு இஸ்லாமிய சகோதரர்கள் வீட்டிலிருந்தும் தட்டு வந்திருக்கும். ஆனால் கூடப் பிறந்த அண்ணன் வீட்டுக்கு மட்டும் பத்து வருஷமாகத் தட்டு போகவில்லை. இரண்டு வீட்டாரும் அதே ஆலயத்தில், அதே குருவிடம், ஒரே பாத்திரத்திலிருந்து சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். பங்குத்தந்தை என்ற முறையில் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களிடம் மன்றாடித்தான் கேட்கிறேன்: இந்தப் புதனுக்கு முன்னால் அந்த வாசல்வரை போய் வாருங்கள். சமாதானப் பேச்சு எதுவும் தயார் செய்ய வேண்டாம். பேச ஆரம்பித்தால் பழைய கணக்குத்தான் வரும். கையில் ஒரு தட்டு இருக்கட்டும். கதவு திறக்காவிட்டால் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள்.

எதுவும் தயார் செய்ய முடியாதவர்கள் என்று நெகேமியாவில் சொல்லப்படுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகளை யோசியுங்கள். அவர்களில் நம் சபையினரும் உண்டு. புதன்கிழமை ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, யாருக்காகப் பலகாரம் செய்வது என்று அடுப்பையே அணைத்துவிட்ட பெரியவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அப்படி ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களைத்தான் சொல்கிறேன் அம்மா, அந்த 60 உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் சமையலறைக்கு ஏற்ற அளவைச் சொல்கிறேன். அரைக்கிலோ மைதா. காய்ந்த ஈஸ்ட் இரண்டு டீஸ்பூன். வெதுவெதுப்பான பால் கால் லிட்டர். மஞ்சள் கரு நாலு. சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சாராயத்துக்குப் பதில் ஒரு டீஸ்பூன் வினிகர் போதும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். ஜன்னலை மூட வேண்டியதில்லை; நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் மாவு எழும்பிவிடும். ஆப்ப மாவைப் புளிக்க வைத்துப் பழகிய கைகளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று மரக்கால் மாவில் கொஞ்சம் புளிப்புமாவைப் பிசைந்து வைத்த பெண்ணைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை, மாவு எழும்பும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். உள்ளே கொய்யா ஜாமோ அன்னாசி ஜாமோ வையுங்கள். எண்ணெயில் ஒரு சின்னத் துண்டு மாவைப் போட்டுப் பாருங்கள். மெதுவாக மேலே வந்து நுரைத்தால் சூடு சரி. தீ மிதமாகவே இருக்கட்டும். ஏறக்குறைய இருபது உருண்டை வரும்.

செவ்வாய்க்கிழமை மாலைக்கு முன் செய்துவிடுங்கள். இது ஆறினால் ருசிக்காது. பொரித்தெடுத்த முதல் தட்டு புறப்பட்ட பிறகு, வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட உட்காரலாம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும், உங்கள் இல்லத்தையும், உங்கள் பக்கத்து இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.